பெயர் சொல்லாமல் ஒரு விண்ணப்பம்

மார்ச் 5, புதன்

இன்று சாம்பல் புதன். காலை ஆராதனையில் போதகர் ஒரு வேலை கொடுத்தார். இந்த லெந்து நோன்பு நாற்பது நாளும் ஆளுக்கொரு நோட்டுப் போட்டு, அன்றன்று எந்தச் சோதனை வந்தது, எதில் விழுந்தோம் என்று எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். “பாக்காத நோட்ட எவ எழுதுவா?” என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். நான் எழுதுவேன். இருபத்தேழு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை இது.

பள்ளி அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்திருக்கிறேன். தலைமையாசிரியை என்பதற்காகப் பள்ளிச் சொத்தை எடுக்கலாமா? இதையே முதல் பாவமாக எழுதிவிடுகிறேன். நாளைக்கே புதிய நோட்டு ஒன்று வாங்கி அங்கே வைத்துவிட வேண்டும்.

காப்பியையும் மீனையும் விட்டாயிற்று. இவர் மட்டும் சாளைக் குழம்பு கேட்கிறார். மனைவி நோன்பிருந்தால் கணவனும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையாம். மின்வாரியத்தில் முப்பது வருடம் சட்டம் பேசிய வாய் அது.

மார்ச் 7, வெள்ளி

ஆசிரியர் அறையில் அரை டம்ளர் காப்பி. விழுந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

சத்துணவில் முட்டை சரியாக வேகவில்லை. ஆயாவைப் பிள்ளைகள் முன்னால் வைத்துக் கத்திவிட்டேன். மத்தியானம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “நீங்க கத்தலேன்னாதான் டீச்சர் எனக்குப் பயமா இருக்கும்” என்றாள். என்னைப் பற்றி ஊரில் இப்படித்தான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

பள்ளி விட்டு வந்து சேலைகூட மாற்றவில்லை, கனகமணி வந்து நின்றாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. இப்போதும் மூன்று தெரு தள்ளித்தான் வீடு. அவள் மகள் ஷெர்லினுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருக்கிறார்கள். ஈஸ்டர் கழிந்த வியாழக்கிழமை கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சுகிர்தா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.”

ஷெர்லினுக்கு ஒன்பதாம் வகுப்பில் வலிப்பு வந்திருக்கிறது. இருபத்து மூன்று வயது வரைக்கும் மாத்திரை. நிறுத்தி மூன்று வருடமாயிற்று, ஒரு தடவைகூட வரவில்லை. தாராளமாகக் கல்யாணம் பண்ணலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை. இத்தனை வருடம் எனக்கே தெரியாமல் வைத்திருந்திருக்கிறாளே இந்தக் கனகமணி!

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“ஷெர்லினே சொல்லுவா. அவரு மஸ்கட்டுலருந்து ஏப்ரல் ஒம்பதாந்தேதி வாராரு. நேர்ல மொகத்தப் பாத்துச் சொல்லணும்ங்கா. ‘வேண்டாம்னு சொன்னா சொல்லட்டும்மா, ஆனா அவரு எங்கிட்டருந்துதான் கேக்கணும்’னு ஒத்தக்கால்ல நிக்கா. எனக்குத்தான் பயமா இருக்கு. போன்லயே சொல்லிரச் சொல்லட்டா?”

“போன்ல சொல்லுத விஷயமா இது? நேர்லயே சொல்லட்டும்” என்றேன்.

இருவரும் முழங்கால் போட்டு ஜெபித்தோம். அவள் அழுதாள், நானும் அழுதேன். அவள் போன பிறகு, ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடம் வந்து சொன்னாளே என்று மனதுக்கு நிறைவாக இருந்தது. இதைப் பெருமை என்று எழுத வேண்டுமா தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

காப்பி இல்லை. கோபம் இல்லை. நல்ல நாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஷெர்லினுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்கவிருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் எல்லார் முன்னிலும் கேட்பார். லெந்து நாட்களில் கல்யாணம் கிடையாது என்பதால் இப்போது வாசிப்பது இந்த ஓர் ஓலைதான். “தூத்துக்குடி பியூலா அம்மாளின் மகன் ரூபனுக்கும்” என்று போதகர் வாசித்தபோது கனகமணி முந்தானையைத் தலையில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு.

இந்த ரூபன் வீட்டார் போன வருடம் எங்கள் மகள் பெனிட்டாவையும் பார்க்க வந்தார்கள். நாங்கள்தான் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மார்ச் 24, திங்கள்

கோயம்புத்தூருக்கு, பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். ஷெர்லினுக்கு ஓலை வாசித்ததைச் சொன்னேன். “நல்லதும்மா. எனக்கு மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிட்டாள். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தொன்பது முடிகிறது.

இன்று முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. நான்காம் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் இரண்டு தடவை தப்பான தேதியைப் போட்டேன்.

மார்ச் 26, புதன்

ஷெர்லினுக்காக ஜெபிக்க வேண்டும் என்று காலையிலிருந்து பெரிய பாரம். தனியாகத் தாங்க முடியாத பாரம். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஆள் மாற்றி ஆள் ஜெபிக்கிற சங்கிலி ஜெபத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அறுபத்து நான்கு பேர். கனகமணி அதில் இல்லை. அதற்கு நான்தான் பொறுப்பு. மத்தியான இடைவேளையில் அதில் குரல் பதிவு போட்டேன்.

“சகோதரிகளே, நம்ம சபையில கல்யாணத்துக்கு ஆயத்தமாகிட்டிருக்க ஒரு மகளுக்காக ஜெபிங்க. சின்ன வயசுலருந்து நரம்புல ஒரு பலவீனம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் தெரியாது. கர்த்தர் தடையில்லாம நடத்தணும்.”

பெயர் சொல்லவில்லை. அதில் கவனமாக இருந்தேன். பத்து நிமிடத்தில் இருபது பேர் ஆமென் போட்டுவிட்டார்கள். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

இன்று எந்தச் சோதனையிலும் விழவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஷெர்லின் பெயர் வாசிக்கப்பட்டதும் பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் ஐக்கியத்து அம்மாள் ஒருத்தி என் கையைப் பிடித்து, “ஷெர்லின் இப்ப எப்படி இருக்கா டீச்சர்?” என்றாள்.

“ஷெர்லினுக்கு என்ன?”

“நீங்கதான குரூப்புல ஜெபிக்கச் சொன்னிய?”

“நான் பேரே சொல்லலியே!”

“வாசிக்கது ஒரே ஒரு ஓலைதான டீச்சர்? பேரு வேற சொல்லணுமாக்கும்?”

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தேன். எனக்கு மட்டும்தான் அழிந்ததே தவிர மற்றவர்களிடம் அப்படியே இருக்கிறது. அத்தனை பேரும் கேட்டாயிற்று. எத்தனை பேர் வேறு குழுக்களுக்கு அனுப்பினார்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நல்ல எண்ணத்தில்தானே செய்தேன். அவர் அதை அறிவார்.

ஏப்ரல் 2, புதன்

கனகமணியிடமிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. பள்ளியில் ஆய்வு என்று பிறகு செய்தி அனுப்பினேன். ஆய்வு எதுவும் இல்லை. இது பொய். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

பயந்தது நடந்துவிட்டது. பியூலா அம்மாள் நேற்றுச் சாயங்காலம் கனகமணியைக் கூப்பிட்டு, “மறச்சு எங்க தலையில கட்டப் பாத்தியளோ?” என்று கேட்டிருக்கிறாள். பியூலா அம்மாளின் நாத்தனார் சபையில் ஜெபக் குறிப்பாக வந்ததாம். அங்கே போய்ச் சேரும்போது நான் சொன்ன நரம்புப் பலவீனம் சித்தக் கலக்கமாகி, ஷெர்லின் பெயரும் சேர்ந்திருந்தது. ரூபன் மஸ்கட்டிலிருந்து ஷெர்லினுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். ‘நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்.’ அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

இன்னும் நாலே நாளில் அவள் சொல்லியிருப்பாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. போதகர் அறிவிப்புகளை முடித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே காணிக்கைப் பாட்டுக்குப் போனார். கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு. கனகமணியும் ஷெர்லினும் எனக்கு முன் வரிசையில்தான் இருந்தார்கள். ஷெர்லின் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எல்லாருடனும் சேர்ந்து பாடினாள். நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் கனகமணி நேரே டார்கஸ் சிஸ்டரிடம் போனாள். டார்கஸ் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவள். திருநெல்வேலியில் ஷெர்லினுக்கு வைத்தியம் பார்த்த நரம்பு டாக்டரிடம் நர்சாக இருக்கிறாள். ஷெர்லின் சங்கதி தெரிந்த வேற்று ஆள் அவள் ஒருத்திதான் என்று கனகமணி முடிவு கட்டிவிட்டாள்.

“எம்பிள்ள வாழ்க்கையக் கெடுத்திட்டியேட்டி! மாத்திர குடுத்த கையாலயே மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

டார்கஸ் கையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்றாள். “நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலக்கா” என்று இரண்டு தடவை சொன்னாள். நான் கனகமணியின் தோளைப் பிடித்து, “வா மணி, வீட்டுக்குப் போவோம்” என்று இழுத்துக்கொண்டு வந்தேன். சுற்றி நின்றவர்களில் சங்கிலி ஜெபப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கனகமணி ஜெபிக்க வந்தாள். வேறு எங்கே போவாள்? என் மடியில் தலை வைத்து அழுதாள். “ஒன்னத் தவிர எனக்கு யாருட்டி இருக்கா?” என்றாள். நான் ஜெபித்தேன். என்ன சொல்லி ஜெபித்தேன் என்று இப்போது யோசித்தால் ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காப்பி குடித்தேன். இரண்டு டம்ளர். அதைப் பாவம் என்று எழுத இன்று கூச்சமாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

சாப்பிடும்போது இவரிடம், “நல்லவேள, அந்த எடத்த நாம அன்னைக்கே வேண்டாம்னு விட்டோம். பாத்தேளா, எப்படிப்பட்ட ஆளுகன்னு” என்றேன்.

இவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “நாமளா வேண்டாம்னோம்? ஜெபிச்சுச் சொல்லுதோம்னு அவுகதான போனாவ. நீ ஆறு மாசம் போனையே பாத்துட்டு இருந்த.”

அப்படித்தான் நடந்தது. எங்கள் பக்கம் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஜெபித்துச் சொல்கிறோம் என்பார்கள். பெனிட்டா அன்று நீலப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பியூலா அம்மாள் நான் செய்த பணியாரத்தை மூன்று தின்றாள். அதோடு சரி. மார்ச் 23-ல் இந்த நோட்டில் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் பார்க்காத நோட்டில் யாருக்காகப் பொய் எழுதினேன்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் டார்கஸ் இல்லை. பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்துவிட்டாளாம். “குத்தமுள்ள நெஞ்சு, பின்ன எப்படி வருவா?” என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். அவளும் சங்கிலி ஜெபக் குழுவில் இருக்கிறவள். அந்தப் பதிவைக் கேட்டவள்தான். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். நான் குருத்தோலையை ஆட்டிக்கொண்டே நடந்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாயங்காலம் ஆறு மணிக்கு இராப்போஜன ஆராதனை. பொதுப் பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொன்னோம். முந்நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது என் குரல் எனக்கே தனியாகக் கேட்பதில்லை. இத்தனை வருடமும் அது வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

பீடத்தண்டை முழங்கால் போட்டால், பக்கத்தில் கனகமணி. போதகர் அப்பத் தட்டோடு அந்தக் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஆறு பேர், ஐந்து பேர், நான்கு பேர். மூன்றாவது ஆளிடம் வரும்போது எழுந்துவிட்டேன். அப்பம் வாங்கவில்லை. திரும்பி நடந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

முடிந்ததும் கனகமணி ஓடி வந்தாள். “முட்டு வலியாட்டி? வீட்டுல தைலம் இருக்கு, எடுத்துட்டு வாரேன்.” சொன்னபடியே எடுத்தும் வந்தாள். குனிந்து அவளே தேய்த்துவிட்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. ஏழு பேர் பேசினார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 19, சனி

காலை பத்து மணிக்கு கனகமணி வீட்டுக்குப் போனேன். பத்திரிகைக் கட்டுகள் பிரிக்காமல் ஓர் ஓரத்தில் இருந்தன. கனகமணி காப்பி போட எழுந்தாள். உட்காரச் சொன்னேன்.

“டார்கஸ் சொல்லல மணி. நான்தான் சொன்னேன். சங்கிலி ஜெபக் குழுவுல.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “எதச் சொன்ன?” என்றாள். திரும்பவும் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தவில்லை, அழவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்டது. கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

ஷெர்லின் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

“அந்த ஜெபக் குறிப்பு எனக்கும் வந்துச்சு டீச்சர்” என்றாள். “எங்க காலேஜ் குழுவுல. ‘மனநிலை சரியில்லாத பெண்ணை மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள், அந்த வாலிபனைக் கர்த்தர் தப்புவிக்கும்படி ஜெபியுங்கள்’னு இருந்துச்சு. பாவம் யாரோன்னு நானும் ஜெபம் பண்ணுனேன். ஆமென்னு வேற போட்டேன்.”

தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் தெரியாதுன்னு எதுக்குச் சொன்னீங்க? ஜெபிக்கறதுக்கு அது எதுக்கு?”

பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிவைப் போட்ட அன்றே தெரியும். “அவுக பெனிட்டாவப் பாத்துட்டுப் போயி ஒரு பதிலும் சொல்லலம்மா. ஒன் ஓலைய வாசிக்கும்போது எனக்கு வயிறெரிஞ்சுது. நீ நல்லா இருக்கக் கூடாதுன்னு நெனச்சேனான்னு கேட்டா, ஆமா, அந்த நேரத்துல நெனச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டேன். சொன்னால் மனம் லேசாகிவிடும் என்று இருபத்தைந்து வருடமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். லேசாகவில்லை.

ஷெர்லின் எழுந்து போய்ப் பத்திரிகைக் கட்டு ஒன்றைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, “திங்கக்கிழம எங்கூடத் தூத்துக்குடிக்கு வாங்க. நான் மறைக்க நெனைக்கலன்னு அவங்க முன்னால வச்சு நீங்க சொல்லணும். கல்யாணத்துக்காக இல்ல. என்னைப் பொய்க்காரின்னு நெனச்சுட்டு அவங்க இருக்கக் கூடாது” என்றாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

சங்கிலி ஜெபக் குழுவில் என் பெயர் சொல்லி, நான் செய்ததைச் சொல்லி, டார்கஸ் குற்றமற்றவள் என்று பதிவு போட்டேன். பொறுப்பிலிருந்தும் விலகிக்கொண்டேன். ஒருத்தியும் ஆமென் போடவில்லை.

டார்கஸ் வீட்டுக்கும் போனேன். வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினாள். “நான் சொல்லலன்னு எனக்குத் தெரியும் டீச்சர், அதனால அது பரவால்ல. ஆனா அந்தக்கா கத்தும்போது நீங்க பக்கத்துலதான நின்னிய?” என்றாள். மன்னித்தேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்து நின்றேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

லெந்து முடிந்துவிட்டது. நோட்டும் நேற்றோடு முடிய வேண்டியது. இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை பஸ்ஸில் ஷெர்லின் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தூத்துக்குடியில் பியூலா அம்மாள் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் உட்காரச் சொன்னாள். ரூபன் உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை நேரில் சொல்லக் காத்திருந்தாள், அதற்குள் ஊரெல்லாம் சொன்னது நான், மனநிலை கினநிலை எல்லாம் பொய், வலிப்பும் நின்று மூன்று வருடமாயிற்று.

“ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமே ஷெர்லின்?” என்றான் ரூபன். நிலையை விட்டுவிட்டு அவள் பக்கம் இரண்டடி வந்துவிட்டான். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

“போன்ல வேண்டாம், நேர்ல சொல்லட்டும்னு அவ அம்மைகிட்ட சொன்னதும் நான்தான் தம்பி” என்றேன்.

அவன் ஷெர்லினைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனான். பியூலா அம்மாள் முந்திக்கொண்டாள்.

“எல்லாம் சரி. ஆனா இனி அந்தப் பேச்சு வேண்டாம். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, நாளைக்கு எங்க வீட்டுல எது நடந்தாலும் இதத்தான் சொல்லுவாவ. நீங்க எதுக்கு டீச்சர் வருத்தப்படுதிய? ஒங்கள அன்னைக்குப் பேச வச்சதே கர்த்தர்தான். நீங்க மட்டும் சொல்லலேன்னா நாங்க என்ன ஆயிருப்போம்?”

ரூபன் உள்ளே போய்விட்டான். நான் செய்த பாவத்துக்கு, நான் கெடுத்த பிள்ளையின் முன்னால், கடவுளின் பெயரால் எனக்கு நன்றி சொல்கிறாள். பியூலா அம்மாள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் ஷெர்லினுக்குக் கேட்கும் தூரம்தான்.

“ஒங்க பெனிட்டாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையலியே? இவன் அடுத்த மாசம் வரைக்கும் லீவுலதான் இருக்கான். போன வருஷம் நாங்கதான் சரியா யோசிக்காம விட்டுட்டோம்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் இன்று இந்த நோட்டைத் திறந்தேன். கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் இருந்தது. அந்த வீட்டு வாசலில் பெனிட்டா மாலையோடு நிற்பதைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், “வேண்டாம்மா. என் மகளுக்கு இங்க வேண்டாம்” என்று என் வாயிலிருந்து வந்தது. உரக்கத்தான் சொன்னேன்.

திரும்பினேன். ஷெர்லின் பியூலா அம்மாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.